யுரேனஸுக்கு ஒரு தேதி சொல்லுங்கள்

கோள்களுக்கு விண்கலம் அனுப்பும் அமைப்புகளின் திட்டக் குழுவினருக்கும், அந்தத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்குவோருக்கும்,

வணக்கம்.

யுரேனஸை இதுவரை நெருங்கிச் சென்ற ஒரே கலமான வாயேஜர்-2 அதை எப்போது கடந்தது, எவ்வளவு நெருக்கத்தில் கடந்தது என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்தக் கோளுக்கு முதலில் போக வேண்டும் என்று பத்தாண்டுக்கு ஒருமுறை வரிசைப்படுத்தும் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2022 அறிக்கை, பெரிய பயணங்களில் யுரேனஸ் பயணத்தையே முதலிடத்தில் வைத்தது என்பதும் உங்கள் மேசையிலேயே இருக்கிறது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். யுரேனஸைச் சுற்றிவர ஒரு கலம் அனுப்புங்கள். எப்போது அனுப்புவீர்கள் என்று ஒரு தேதி சொல்லுங்கள்.

இதை எழுத வைத்தது 2024 நவம்பரில் வெளியான ஓர் ஆய்வு. வாயேஜரின் பழைய தரவுகளை மறுபடி எடுத்து அலசிப் பார்த்திருக்கிறார்கள். 1986 ஜனவரி 24 அன்று அந்தக் கலம் யுரேனஸை நெருங்குவதற்குச் சில நாள் முன்புதான் சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து கிளம்பும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம், வழக்கத்தைவிடப் பலமாக வீசி, அந்தக் கோளைச் சூழ்ந்திருக்கும் காந்த மண்டலத்தை நசுக்கிவிட்டிருக்கிறது. அது அப்படி நசுங்கிக் கிடப்பது மொத்த நேரத்தில் சுமார் 4 சதவீதம்தானாம். மிச்ச 96 சதவீத நேரத்தில் அது எப்படி இருக்கும் என்று எந்தக் கருவியும் பக்கத்தில் போய் அளந்ததில்லை.

இதில் சிக்கிக்கொண்டது காந்த மண்டலம் மட்டுமல்ல. அன்று அங்கே பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் பெற்ற வாயு, மிகக் குறைவாக இருந்தது. அதை வைத்து, யுரேனஸின் நிலவுகளிலிருந்து எதுவும் வெளியேறுவதில்லை, அவை உறைந்து அடங்கிப்போனவை என்று எண்ணிக்கொண்டோம். இப்போது என்னவென்றால், இருந்த பிளாஸ்மாவைச் சூரியக் காற்றே துடைத்துக்கொண்டு போயிருக்கலாம் என்கிறார்கள். காய்ச்சலில் படுத்திருந்த ஒருவரை ஒரே ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு, 'இவர் எப்போதும் எழுந்து நடக்க மாட்டார்' என்று குறிப்பு எழுதி வைத்த கதையாகிவிட்டது. அந்தக் குறிப்பைத்தான் இத்தனை ஆண்டுகளாகப் பாடநூல்களில் படித்து வந்தோம்.

இந்தத் துறையில் இருப்பவர்களின் பாட்டை நினைத்துப் பாருங்கள். யுரேனஸை ஆராயும் பலர், தாங்கள் பிறப்பதற்கு முன்பே எடுக்கப்பட்ட அளவீடுகளை வைத்து முனைவர் பட்டம் வாங்கியவர்கள். அருகில் போய் எடுத்த தரவு என்று அவர்களிடம் இருப்பது அந்த ஒரே சந்திப்பு. அதிலும் மிக நெருக்கத்தில் இருந்தது சில மணி நேரம். அதையே சுரண்டிச் சுரண்டி இன்னும் எதையாவது எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 1999-ல் பழைய படங்களிலிருந்து பெர்டிட்டா என்ற குட்டி நிலவைத் தேடிப் பிடித்தார்கள். 2020-ல் காந்தப்புலத்தை அளக்கும் கருவியின் பழைய பதிவுகளுக்குள் ஒரு பெரிய பிளாஸ்மாக் குமிழின் தடயத்தைக் கண்டுபிடித்தார்கள். பாராட்ட வேண்டிய உழைப்புதான். ஆனால் ஒரு முழுக் கோளை ஆராய்கிறவர்கள் 1986-ன் மிச்சம் மீதியை வைத்துக்கொண்டா காலம் தள்ள வேண்டும்?

அந்தக் கோளில் ஒரு நாள் எவ்வளவு நேரம் என்பதே உறுதியாகத் தெரியாமல்தான் இருந்தோம். வாயேஜர் தந்த கணக்கு 17 மணி 14 நிமிடம் 24 வினாடி. அதில் அரை நிமிடத்துக்கு மேல் பிழை இருக்க இடம் இருந்ததால், சில ஆண்டுகள் போனதும் காந்தத் துருவம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றே சொல்ல முடியாமல் போனது. ஹபிள் தொலைநோக்கி ஆண்டுக்கணக்கில் அங்குள்ள துருவ ஒளிகளைப் பின்தொடர்ந்த பிறகு, 2025-ல்தான் இன்னும் 28 வினாடி சேர்த்துத் திருத்தினார்கள். உள்வெப்பம் கிட்டத்தட்ட இல்லை என்ற வாயேஜர் கால முடிவும் அதே ஆண்டில் ஆட்டம் கண்டது. சூரியனிடமிருந்து வாங்குவதைவிட 12 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக வெளிவிடுகிறதாம். இப்படி ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே போனால், அந்தச் சந்திப்பிலிருந்து கடைசியில் எது மிஞ்சும்?

கடந்து போகும் கலம் ஏமாற்றும் என்பது உங்களுக்குப் புதிதல்ல. 1965-ல் மாரினர்-4 செவ்வாயைக் கடந்தபோது அனுப்பியது இருபத்துச் சொச்சம் படங்கள். அவற்றில் தெரிந்தவை பள்ளங்கள். செவ்வாயும் நம் நிலவைப் போல ஒரு செத்த உலகம் என்று பலரும் கைகழுவினார்கள். 1971-ல் மாரினர்-9 போய்ச் சுற்ற ஆரம்பித்தது. முதலில் புழுதிப் புயல் ஒன்றையும் காட்டவிடவில்லை. ஆனால் சுற்றிவரும் கலத்தால் காத்திருக்க முடியும். புழுதி அடங்கியதும் மாபெரும் எரிமலைகளும், 4,000 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கும், வற்றிப்போன ஆற்றுத் தடங்களும் தெரிந்தன. மாரினர்-4 புயல் நேரத்தில் போயிருந்தால், புழுதி உருண்டை ஒன்றைத்தான் பார்த்துவிட்டு வந்திருக்கும்.

அப்புறம் சனியின் நிலவான என்செலடஸ். 1981-ல் இதே வாயேஜர்-2 அதைக் கடந்து போனது; வழவழப்பான பனித்தரை தெரிந்தது, அவ்வளவுதான். 2004-ல் சனியை அடைந்த காசினி, அங்கேயே 13 ஆண்டுகள் தங்கியது. மறு ஆண்டே அந்த 500 கிலோமீட்டர் நிலவின் தென்துருவத்திலிருந்து பனியும் நீராவியும் பீறிடுவதைக் கண்டது. பிறகு திரும்பத் திரும்ப அந்தத் தாரைக்குள்ளேயே பறந்து, பனிக்கு அடியில் உப்புக் கடல் இருப்பதை உறுதி செய்தது. காசினியை அனுப்பாமல் விட்டிருந்தால் என்செலடஸ் இன்றும் ஓர் அழகான வெள்ளை உருண்டைதான்.

யுரேனஸின் நிலவான மிராண்டாவைப் பற்றி இப்போது நாம் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். குறுக்களவு 470 கிலோமீட்டர்தான். அதற்குள் சுமார் 20 கிலோமீட்டர் உயரம் என்று மதிப்பிடப்படும் ஒரு செங்குத்துப் பாறைச் சுவர். உழுதுபோட்டது போன்ற விசித்திர வரிகள். ஏன் அப்படி ஆனது என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, பார்த்ததே தென்பாதியை மட்டும்தான். யுரேனஸ் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு சுற்றுவதால், 1986-ல் எல்லா நிலவுகளின் வடபாதியும் இருட்டில் இருந்தது. இப்போது அந்த வடபாதியில் வெயில். 2050 வாக்கில் யுரேனஸ் அடுத்த சமநாளை, அதாவது சூரியன் அதன் நடுக்கோட்டுக்கு நேராக வரும் நாளை, தாண்டும். அதன்பின் அந்த வட துருவங்கள் மறுபடி பல பத்தாண்டுகளுக்கு இருளுக்குப் போய்விடும். போய்ச் சேரவே பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் ஆகும். வழியில் வியாழனின் ஈர்ப்பைக் கொண்டு வேகம் கூட்டிக்கொள்ளும் வாய்ப்பு தோதாகக் கிடைப்பது 2030-களின் தொடக்கத்தில். இந்தக் கழித்தல் கணக்கு உங்களுக்கும் வரும்.

கலத்துக்கு மின்சாரம் தரும் கதிரியக்க எரிபொருளான புளூட்டோனியம்-238 போதவில்லை என்பீர்கள். உண்மைதான். யுரேனஸுக்குக் கிடைக்கும் வெயில், பூமிக்குக் கிடைப்பதில் 370-ல் ஒரு பங்கு. சூரியத் தகடுகளை விரித்து அங்கே காலம் தள்ள முடியாது. ஆனால் இந்தத் தட்டுப்பாடு நேற்று முளைத்ததா? இதற்கு முந்தைய 2011 பத்தாண்டு அறிக்கையிலும் யுரேனஸ் பயணம் மூன்றாம் இடத்தில் இருந்தது. முதல் இரண்டு இடங்களில் இருந்தவை செவ்வாயும் வியாழனின் நிலவான யூரோப்பாவும். செவ்வாய்க்கு பெர்சிவியரன்ஸ் போயாகிவிட்டது, யூரோப்பா கிளிப்பர் 2024 அக்டோபரில் கிளம்பிவிட்டது. வரிசை நகர்ந்துவிட்டது, யுரேனஸ் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இதற்கு நடுவில், நிலவில் அடுத்த கொடியை யார் நடுவது என்று பெரிய போட்டி நடக்கிறது. நடுங்கள், நன்றாக நடுங்கள். ஆனால் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த, வியாழனைச் சுற்றும் ஜூனோவையும் புளூட்டோவைத் தாண்டிப் போன நியூ ஹொரைசன்ஸையும் செலவு மிச்சம் பிடிக்க நிறுத்திவிடலாம் என்று 2025-ல் ஓர் அமெரிக்க வரவுசெலவு வரைவு சொன்னதே, அதை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது? புதிதாக அனுப்பவும் மாட்டோம், அனுப்பியதைக் கேட்கவும் மாட்டோம் என்றால், கோள் ஆராய்ச்சிக்குக் கடைசியில் மிஞ்சுவது ஓவியர் கற்பனையில் வரைந்த படங்கள்தான். அவற்றுக்கு எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை!

சரி, கோபத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்களில் பலர் இந்தப் பயணத்துக்காக உள்ளேயிருந்து போராடிக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரியும். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

வியாழனுக்குக் கலம் அனுப்பும் சீனாவின் தியான்வென்-4 திட்டத்தில் யுரேனஸை நோக்கி ஒரு சிறு கலத்தை விடுவது பற்றிப் பேச்சு இருக்கிறது. நல்லது, போகட்டும். ஆனால் அதுவும் கடந்து போகும் கலம்தான். நான் கேட்பது அங்கே தங்கிச் சுற்றும் கலம். அது வளிமண்டலத்துக்குள் ஓர் ஆய்வுக்கருவியையும் இறக்கிவிட வேண்டும். பிற விண்மீன்களைச் சுற்றிக் கண்டுபிடிக்கப்படும் கோள்களில் மிகப் பல பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட அளவில் இருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொள்ள ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் இருப்பவை யுரேனஸும் நெப்டியூனும்தான். இரண்டையும் சந்தித்தது ஒரே கலம், தலா ஒரே ஒரு முறை.

ஆகவே பணிவாகக் கேட்கிறேன். யுரேனஸைச் சுற்றும் கலத்துக்கான முதல் கட்டப் பணியை அடுத்த நிதி ஆண்டிலேயே தொடங்குங்கள். அதற்கு வேண்டிய புளூட்டோனியத்தைப் பெயர் எழுதி ஒதுக்கி வையுங்கள். ஏவும் ஆண்டை வெளிப்படையாக அறிவியுங்கள். வடபாதி வெளிச்சத்தில் இருக்கும்போதே போய்ச் சேர முடியாது என்பது உங்கள் கணக்கானால், அந்தக் கணக்கையாவது காட்டுங்கள்.

பதிலை எதிர்பார்த்து,
யுரேனஸ் செய்திகளை விடாமல் படிக்கும் ஒருவர்