அனகி அடுப்பும் அம்மாவும்

பொகவந்தலாவை, இலங்கை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அம்மாவைக் கேட்டிருந்தாய். சுகம்தான். இருமல் மட்டும் விட்டபாடில்லை. ஆனால் குசினிக்குள் முன்பு மாதிரிக் கண் எரிவதில்லை. அந்தக் கதையை உனக்குச் சொல்ல வேண்டும்.

2022இல் காஸுக்கு வரிசையில் நின்றது ஞாபகம் இருக்கும்தானே? 12.5 கிலோ சிலிண்டர் கிட்டத்தட்ட 5000 ரூபாய். ஆயிரம் ரூபாய் நாட்சம்பள வீட்டில் அது ஐந்து நாள் தேயிலைக் கொழுந்தெடுத்த கூலி. நான் ஆசையாய் வாங்கிப் போட்ட காஸ் அடுப்பு சாக்கைப் போர்த்திக்கொண்டு மூலைக்குப் போனது. அம்மா பழையபடி மூன்று கல்லைக் கூட்டினார்.

அதற்கு முன்பே ஒரு தடவை நம் லயத்து வரிசை வீடுகளுக்கு அனகி அடுப்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். நீ அப்போது கட்டாரில். களிமண் அடுப்பு, ஒரு வாய், இரண்டு குழி. முன்குழியில் சோறு கொதிக்க, மிஞ்சிய அனல் பின்குழிக்குப் போய்க் கறியை வேகவைக்கும். 1980களிலேயே நம் நாட்டில் வந்துவிட்டதாம். அனகி என்றால் சிங்களத்தில் விலைமதிப்பற்றது. எங்கள் வீட்டில் பூனை அதற்குள் படுத்தது.

பிழை அம்மாவுடையது இல்லை. கொடுத்தவர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள். சுற்றி மண் அணைத்துப் பூச வேண்டும் என்று ஒருவரும் காட்டித் தரவில்லை. வெறுமனே எரித்ததில் வாய்ப்பக்கம் வெடித்தது. அப்புறம் மிலாறு, தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் கிளை. கவ்வாத்து மலையிலிருந்து கட்டிச் சுமந்துவரும் மிலாறு நீளமும் கோணலுமாக இருக்கும். மூன்று கல்லென்றால் நுனியைப் பற்றவைத்து உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கலாம். அனகியின் சின்ன வாய்க்கு வெட்டித்தான் போட வேண்டும். நாள் முழுக்கக் கொழுந்தெடுத்து வந்தவளுக்கு மறுபடி கத்தியைத் தொட மனசு வருமா?

கடைசியில் மேல்லயத்துச் சின்னம்மாதான் வந்து, புதிதாய் வாங்கிய ஒன்றைப் புற்றுமண்ணும் சாணமும் குழைத்துப் பதித்துக் கொடுத்தார். விரலால் தடவித் தடவி வெடிப்பு மூடியதைப் பார்க்க வேண்டுமே! இப்போது மூன்று கட்டு விறகு எரிந்த இடத்தில் இரண்டு போதும். ஞாயிற்றுக்கிழமை மிலாறு வெட்டுவது என் வேலை.

புகையே இல்லை என்று நினைத்துவிடாதே. அனகிக்குப் புகைபோக்கி கிடையாது. விறகு குறைவதால் புகையும் குறைகிறது, அவ்வளவுதான். நான் ஏணி போட்டு லயத்துப் புகைக்கூட்டில் அடைத்திருந்த கரியை வழித்த பிறகுதான் நல்ல வித்தியாசம் தெரிந்தது. வாளி நிறையக் கரி, மச்சான்!

அம்மாவுக்கு இன்னும் ஒரு குறை உண்டு. அனல் எல்லாம் பானைக்கே போய்விடுகிறதாம், காலுக்கு மிஞ்சவில்லையாம். காலையில் பேர் கொடுக்கப் பேரட்டுக்குப் போகுமுன் அடுப்பைச் சுற்றிக் குந்தியிருந்த விடியல்கள் உனக்கும் தெரியும். இந்தக் குளிரில் அது நியாயமான குறைதான். என்னிடம் பதில் இல்லை.

தைப்பொங்கலுக்கு வருவாய்தானே? பொங்கல் பானை மட்டும் வாசலில் மூன்று கல்லில்தான். அதில் அம்மாவோடு வாதாட நான் தயாரில்லை.

உன்,
பழைய வாங்குத் தோழன்