கவுண்டிக் கோப்பைகளைத் திரும்பக் கொண்டு வாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரக்பி லீக் பற்றி நம் பத்திரிகைகளில் எப்போதாவதுதான் ஏதாவது வரும், வந்தால் அது பெரிய பணம், பெரிய ஊர் பற்றியதாகத்தான் இருக்கும். 2025 மார்ச்சில் விகன், வாரிங்டன் என்ற இரண்டு இங்கிலாந்து கிளப்புகள் லாஸ் வேகாஸ் வரை போய் சூப்பர் லீக் (இந்த விளையாட்டின் முதல் நிலைத் தொடர்) ஆட்டம் ஆடியது போல. சரி, போகட்டும், ஆடட்டும், அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் இந்த விளையாட்டு பிறந்த வட இங்கிலாந்தில், பக்கத்துப் பக்கத்து ஊர்கள் வருஷா வருஷம் மோதிக்கொண்ட இரண்டு நாக் அவுட் கோப்பைகளை 1992-93 பருவத்தோடு ஓரங்கட்டிவிட்டார்கள். யார்க்‌ஷயர் கோப்பையும் லங்காஷயர் கோப்பையும்தான் அவை, இரண்டும் கவுண்டிகளின், அதாவது நம் மாவட்டம் மாதிரியான பகுதிகளின், பெயரில் நடந்தவை. பெரிய கிளப்புகள் எல்லாம் இறங்குகிற பழைய முறையிலேயே அவற்றைத் திரும்ப நடத்த வேண்டும். நான் இங்கே வேக்ஃபீல்டு பக்கம் குடியிருக்கிறவன், இந்த ஊர்க்காரர்கள் மனதில் அந்தக் கோப்பை இன்னும் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தினமும் பார்க்கிறவன் என்பதால் எழுதுகிறேன்.

நம் வாசகர்கள் பலருக்கு ரக்பி என்றால் ஒரே விளையாட்டுதான், அதனால் இரண்டு வரி. 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டு ஊரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்குக் கிளப்புகள், ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் சுரங்கத் தொழிலாளிக்கும் மில் தொழிலாளிக்கும் இழந்த கூலியைக் கொடுக்கக் கூடாது என்ற ரக்பி யூனியனின் பிடிவாதத்தை ஏற்க முடியாது என்று அதிலிருந்து தனியாகப் பிரிந்து வந்தன. அதுதான் ரக்பி லீக்கின் தொடக்கம். பத்து வருஷம் கழித்து, 1905-06 பருவத்தில், இரண்டு கவுண்டிக் கோப்பைகளும் ஆரம்பித்தன. இன்றைக்கு அணிக்கு 13 பேர் ஆடுகிறார்கள், அந்த மாற்றம் வந்ததே 1906-ல்தான், ஆகவே முதல் இறுதி ஆட்டங்களில் 15 பேர் ஆடினார்கள். ஹன்ஸ்லெட் 13-3 என்று ஹாலிஃபாக்ஸை வென்று யார்க்‌ஷயர் கோப்பையைத் தூக்கியது. லங்காஷயரில் விகனும் லீயும் 0-0 என்று முடிக்க, மறு ஆட்டத்தில் விகன் 8-0 என்று ஜெயித்தது.

இதை ஏதோ பயிற்சி ஆட்டம் போல நினைத்துவிட வேண்டாம். ஒரே பருவத்தில் சாம்பியன்ஷிப், சேலஞ்ச் கோப்பை (நாடு தழுவிய நாக் அவுட் போட்டி), கவுண்டி லீக், கவுண்டிக் கோப்பை என நான்கையும் வென்ற அணிகள் மொத்த வரலாற்றிலும் மூன்றுதான்: 1907-08-ல் ஹன்ஸ்லெட், 1914-15-ல் ஹடர்ஸ்ஃபீல்டு, 1927-28-ல் ஸ்விண்டன். அந்தக் கடைசி அணி, லங்காஷயர் கோப்பை இறுதியில் விகனை 5-2 என்றுதான் தாண்டியது. அந்த ஐந்து புள்ளி இல்லையென்றால் அந்தப் பெருமையே ஸ்விண்டனுக்கு இல்லை. விகன் லங்காஷயர் கோப்பையை 21 முறையும் லீட்ஸ் யார்க்‌ஷயர் கோப்பையை 17 முறையும் வென்றிருக்கின்றன. பெரிய கிளப்புகளும் இதை மதித்துத்தான் ஆடின.

ஆனால் எனக்கு முக்கியம் சின்ன ஊர்கள். பருவம் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள், நான்கு சுற்று, தோற்றால் வெளியே, இலையுதிர் காலம் முடிவதற்குள் கோப்பை யாருக்கு என்று தெரிந்துவிடும். சாம்பியன் அணியும் கடைசி இடத்து அணியும் ஒரே பையில்தான். கம்பர்லாந்துக் கடற்கரையில் நிலக்கரி வெட்டியும் இரும்பு உருக்கியும் பிழைத்த வொர்க்கிங்டன் லங்காஷயரே கிடையாது, இருந்தும் லங்காஷயர் கோப்பையில்தான் ஆடியது. 1976 முதல் 1979 வரை வரிசையாக நான்கு இறுதி ஆட்டங்களுக்குப் போய், அதில் 1977-ல் வாரிங்டனின் வில்டர்ஸ்பூல் மைதானத்தில் விகனை 16-13 என்று வீழ்த்தியது. மற்ற மூன்றிலும் விட்னஸிடம் தோல்வி. அந்த ஒரு வெற்றியை அந்த ஊர் இன்றும் மறக்கவில்லை. கப்பல் கட்டும் ஊரான பாரோ 1983-ல் அதே விட்னஸை 12-8 என்று வென்று கோப்பையைக் கொண்டு போனது. இங்கே எனக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபெதர்ஸ்டோன் ஒரு சுரங்கச் சிற்றூர், 1959-60 பருவத்து யார்க்‌ஷயர் கோப்பை இறுதியில் ஹல் அணியை ஒரே ஒரு புள்ளியில், 15-14 என்று வென்றது. இந்த மாதிரி ஊர்களுக்கு வெம்ப்ளி, அதாவது லண்டன் பெரிய மைதானத்தில் சேலஞ்ச் கோப்பை இறுதி, எப்போதாவது கிடைக்கும், கிடைக்காமலும் போகும். கவுண்டிக் கோப்பை மட்டும் வருஷா வருஷம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

அந்தக் கடைசிப் பருவத்துக்கு வருகிறேன். 1992 அக்டோபர் 18, ஞாயிற்றுக்கிழமை. ஒரே நாளில் இரண்டு இறுதி ஆட்டங்கள். செயின்ட் ஹெலன்ஸின் நோஸ்லி ரோடு மைதானத்தில் விகன் 5, செயின்ட் ஹெலன்ஸ் 4. ஒரு ட்ரைக்கே (பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைப்பது) நான்கு புள்ளி கொடுக்கிற ஆட்டத்தில், அதுவும் அசைக்க முடியாத அந்தக் காலத்து விகன் அணி விளையாடிய ஆட்டத்தில், இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தமே ஒன்பது புள்ளி என்றால் எந்த அளவுக்கு முட்டிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு கவுண்டிகளுக்கும் நடுவே இருக்கும் பென்னைன் மலைத்தொடருக்கு இந்தப் பக்கம், லீட்ஸின் எல்லண்ட் ரோடில், வேக்ஃபீல்டு டிரினிட்டி 29, ஷெஃபீல்டு ஈகிள்ஸ் 16. டிரினிட்டி அதற்கு முன் யார்க்‌ஷயர் கோப்பையை வென்றது 1964-65-ல். ஈகிள்ஸோ 1984-ல் தொடங்கிய கிளப். கால்பந்து ஊரான ஷெஃபீல்டில் எட்டே வருஷத்தில் ஒரு ரக்பி லீக் அணி கவுண்டி இறுதிக்கு வந்து நின்றது.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெரியவர் அன்றைக்கு எல்லண்ட் ரோடு போனவர். ஆட்டத்தின்போது விற்ற அந்த நிகழ்ச்சிப் புத்தகத்தை இன்னும் வைத்திருக்கிறார், ஒருநாள் கொண்டு வந்து காட்டினார். நடுப்பக்கத்து வீரர் பட்டியலில் ட்ரை போட்டவர்கள் பெயருக்கு நேரே பால் பாயிண்ட் பேனாவால் சின்னச் சின்னக் கோடுகள், பக்கத்தின் அடியில் 29-16 என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு. மடிப்பில் தாள் கிழிந்து, டேப் போட்டு ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிவிட்டது. அது கடைசி இறுதி ஆட்டம் என்று அன்று அரங்கத்தில் யாருக்கும் தெரியாது என்றார். எனக்கு அதைக் கேட்டு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

ஏன் நிறுத்தினார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆட்டங்கள் குவிந்துவிட்டன. இறுதி ஆட்டங்கள் முடிந்த ஆறாவது நாள், அக்டோபர் 24 அன்று, வெம்ப்ளியில் உலகக் கோப்பை இறுதி, பிரிட்டன் ஆஸ்திரேலியாவிடம் 6-10 என்று தோற்றது. விகன், செயின்ட் ஹெலன்ஸ் வீரர்கள் பலர் அந்த பிரிட்டன் அணியில் இருந்தவர்கள். உடம்பு தாங்குமா என்ற கேள்வி நியாயமானது. அடுத்த பருவத்திலேயே முதல் டிவிஷனை 14 அணியிலிருந்து 16 அணியாக்கினார்கள், ஆளுக்கு 26 லீக் ஆட்டம் என்பது 30 ஆனது. கூடிய நான்கு ஆட்டம், கவுண்டிக் கோப்பையின் நான்கு சுற்று, இரண்டும் சரியாகப் பொருந்துவதைக் கவனியுங்கள். ஆக வீரர்களுக்கு ஓய்வு ஒன்றும் கிடைத்துவிடவில்லை, கோப்பை ஆட்டம் போன இடத்தில் லீக் ஆட்டம் வந்து உட்கார்ந்தது. 1996-ல் சூப்பர் லீக் வந்து பருவமே கோடைக்கு மாறிய பிறகு பழைய கோப்பையைப் பற்றிப் பேச ஆளில்லை.

இப்போது 1895 கோப்பை இருக்கிறதே என்று கேட்கலாம். 2019-ல் தொடங்கிய அது நல்ல போட்டிதான். முதல் வருஷமே ஷெஃபீல்டு ஈகிள்ஸ் வென்றது. 2024 ஜூன் 8 அன்று வெம்ப்ளியில் அதே ஈகிள்ஸை வேக்ஃபீல்டு 50-6 என்று அடித்து நொறுக்கியது, அன்று இந்த ஊரே காலியாகி லண்டன் போயிருந்தது. ஆனால் அதில் சூப்பர் லீக் அணிகள் கிடையாது. ஃபெதர்ஸ்டோனுக்கு லீட்ஸோடு மோத வாய்ப்பில்லை, வொர்க்கிங்டனுக்கு விகனோடு மோத வாய்ப்பில்லை. சேலஞ்ச் கோப்பையில் குலுக்கலில் விழுந்தால் உண்டு, அவ்வளவுதான். பெரியவனைத் தன் ஊருக்கே வரவழைத்து ஒரு மழை நாளில் தோற்கடிக்கும் சந்தர்ப்பம்தான் நாக் அவுட் கோப்பையின் உயிர், அதை எடுத்துவிட்டு வெம்ப்ளியைக் கொடுத்தால் கணக்கு சரியாகிவிடாது.

நடைமுறையில் முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். சூப்பர் லீக் பிப்ரவரியில் தொடங்குவதற்கு முன் எல்லா கிளப்புகளும் எப்படியும் நட்பு ஆட்டங்கள் ஆடுகின்றன. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லீட்ஸும் வேக்ஃபீல்டும் ஆடும் ஆட்டத்துக்குக் குளிரில் வந்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஆர்வம் இருக்கிறதா என்ற சந்தேகமே வராது. அந்த ஆட்டங்களையே இரண்டு கவுண்டிக் கோப்பைகளின் சுற்றுகளாக மாற்றிவிடலாம். பெரிய கிளப் இளம் வீரர்களை இறக்கினாலும் பரவாயில்லை. முதல் சுற்றை மட்டும் கட்டாயம் கீழ் டிவிஷன் அணியின் சொந்த மைதானத்தில் வைக்க வேண்டும், டிக்கெட் வசூலும் அங்கேயே தங்க வேண்டும். அதிலேயே ஒரு சின்ன கிளப்பின் குளிர்காலச் செலவில் ஒரு பகுதி கழியும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான் ஆசிரியரே. லாஸ் வேகாஸ் ஆட்டத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்குவீர்கள் என்றால் அதில் ஒரு கால் பத்தியாவது இந்த ஊர்களின் ஆட்டங்களுக்குக் கொடுங்கள். இங்கே இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் இந்த விளையாட்டை ஆடுகிறார்கள், வீட்டில் அப்பா அம்மாவுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. உங்கள் பத்திரிகையில் வந்தால் அவர்கள் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேக்ஃபீல்டு, மேற்கு யார்க்‌ஷயர்