மருந்து ஊற்றாமல் பொறுத்திருந்தவர்களுக்கு

வணக்கம்.

என் முனைவர் பட்ட ஆய்வேடு ஏற்கப்பட்டுவிட்டது. வாய்மொழித் தேர்வும் நல்லபடியாக முடிந்தது. ஆய்வேட்டில் நன்றி சொல்ல ஒரு பக்கம் ஒதுக்குவது வழக்கம். நெறியாளர், ஆலோசனைக் குழு, துறைத் தலைவர், உதவித்தொகை தந்தவர்கள் என்று எழுதி முடிப்பதற்குள் அது நிரம்பிவிடுகிறது. சேலம் மாவட்டம் மேச்சேரிப் பக்கம் செம்மறி ஆடு வளர்ப்பவர்கள் யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கப்போவதும் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி உங்களுக்குப் பழகியதுதான். ஒரே பட்டி, ஒரே மேய்ச்சல், ஒரே மழை. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை கழிந்ததும் நாலு ஆடு தாடைக்கடியில் நீர் கோத்துச் சுருண்டு படுக்கும். பக்கத்திலேயே இன்னொன்று எதுவும் நடக்காதது போல மேய்ந்துகொண்டிருக்கும். அது மட்டும் எப்படித் தாங்குகிறது, அதன் குட்டிகளும் தாங்குமா, எந்தக் கிடாயின் வாரிசுகள் அப்படி வருகின்றன என்பதுதான் ஆய்வு.

காரணம் ஹீமாங்கஸ் என்ற உருளைப்புழு. ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு 5,000 முட்டைக்கு மேலும் இடக்கூடியது. முட்டை புழுக்கையோடு வெளியேறி ஈரத்தில் பொரிக்கிறது. இளம்புழு புல்லில் படிந்த பனிநீரில் மேலேறி, மேயும் ஆட்டின் வாய்க்குள் போகிறது. பனி காய்ந்த பிறகு ஆட்டை ஓட்டு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் அவ்வளவு நியாயம் இருக்கிறது. பூச்சி மருந்து இருக்கிறதே என்பீர்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப, அதுவும் எடை பார்க்காமல் குறைத்து ஊற்றினால், சாகாமல் தப்பிய புழுக்கள்தான் பெருகும். அல்பெண்டசோல் வகை மருந்துக்கு, புழுவின் ஒரு புரதத்தில் 200-ஆம் இடத்து அமினோ அமிலம் மாறினாலே போதும், மருந்து பிடிக்காது. தமிழ்நாட்டுச் செம்மறிகளிலும் இது பதிவாகியிருக்கிறது. ஆட்டில் புழுவைத் தாங்கும் கிடாயைத் தேர்ந்தெடுப்பதா வேண்டாமா என்று நாம் யோசித்துக்கொண்டிருக்க, புழுவில் தேர்வு நடந்துகொண்டே இருக்கிறது, நம் செலவில்.

முதல் நன்றி, நான் கேட்டேன் என்பதற்காக மருந்து ஊற்றாமல் பொறுத்திருந்த பட்டிக்காரர்களுக்கு. புழுக்கையில் உள்ள முட்டைகளை எண்ணித்தான் ஆட்டின் தாங்கும் திறனை அளக்கிறோம். மருந்து ஊற்றிய ஆட்டில் அந்தக் கணக்கு சரியாக வராது. ஆக, புழு உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து, "இன்னும் சில வாரம் மருந்து வேண்டாம்" என்று வந்து நின்றவன் நான். ஆடு செத்தால் எனக்கு உதவித்தொகை குறையாது. போவது உங்கள் கைக்காசு. ஒரு அக்கா முகத்துக்கு நேரே கேட்டார்: "ஏனுங்க தம்பி, உங்க படிப்புக்கு எங்க ஆடு சாகோணுங்களா?" நெறிமுறைக் குழுவின் படிவத்தில்கூட இதை இவ்வளவு தெளிவாகக் கேட்கவில்லை.

அவரிடம் ஒப்புக்கொண்ட ஏற்பாட்டையே எல்லாப் பட்டியிலும் கடைப்பிடித்தோம். கீழ் இமையை இழுத்து உள்நிறத்தைப் பார்ப்பது; புழு குடித்து இரத்தம் குறைந்தால் அது வெளிறும். இதற்கென்றே தென்னாப்பிரிக்காவில் உருவானது ஃபமாச்சா அட்டை. அதில் 5 நிறங்கள், முதலாவது நல்ல சிவப்பு, கடைசி வெளிறிப்போன வெள்ளை. 4 அல்லது 5 என்றால் அங்கேயே மருந்து. அதோடு அந்த ஆடு ஆய்விலிருந்து விலகிவிடும். அக்காவுக்குச் சீக்கிரமே அட்டை தேவைப்படாமல் போனது. என் கண்ணுக்கு 3 என்று பட்டதை, "இது நாலுங்க, ஊத்துங்க" என்று அதட்டுவார். ஊற்றிவிடுவேன்.

அடுத்து, விலை வந்தும் கிடாய்க்குட்டியை விற்காமல் வைத்திருந்தவர்கள். இந்தத் தொழிலில் எனக்குப் பெரிய உறுத்தல் இதுதான்: வளர்த்தியான குட்டிதான் முதலில் வியாபாரி கண்ணில் படும், முதலில் வண்டி ஏறும். விலை போகாமல் தங்கியது பட்டிக்குக் கிடாயாகும். புழுவைத் தாங்கும் குட்டியைக் கண்டுபிடிப்பதற்குள் அது கறிக்கடைக்குப் போயிருந்தால் எந்தக் கணக்கும் உதவாது. பக்ரீத் விலையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற வியாபாரியை, "தம்பி இன்னும் எண்ணலீங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பிய பெரியவருக்கு நான் என்ன சொல்ல?

தாய்வழி சொன்ன ஆத்தாக்களுக்கும் நன்றி. காதில் மாட்டும் அடையாள வில்லை வெள்வேல முள்ளிலும் கிளுவை வேலியிலும் மாட்டி விழுந்துவிடும். "இது நொண்டிச்சியோட பேத்தி, அவ அம்மா ரெட்டை போட்டவ" என்பது விழாது. இரத்தம் எடுத்து மரபணுவில் சரிபார்த்தபோது தந்தை யார் என்பதில்தான் குழப்பம் வந்தது, மேய்ச்சலில் அடுத்த பட்டிக் கிடாய் செய்த வேலை. தாய் விஷயத்தில் ஆத்தாக்களின் பேச்சை நம்பலாம்.

பொட்டனேரி செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிறப்பும் எடையும் எழுதிவைத்த கைகளுக்கு என் வணக்கம். ஆய்வகத்தில் உப்புக் கரைசலில் புழுக்கையைக் கரைத்து வடிகட்டித் தந்த உதவியாளர் அண்ணனுக்கு, அந்த நாற்றத்தோடு என்னை வீட்டுக்குள் விட்ட மனைவிக்கு, புள்ளியியலில் கைபிடித்து நடத்திய தோழிக்கு, எல்லாருக்கும் நன்றி.

கண்டது என்ன? அதிசயம் ஒன்றுமில்லை. கென்யாவின் ரெட் மசாய், சுந்தரவனத்தின் கரோல் செம்மறிகள் இந்தப் புழுவைத் தாங்குபவை என்று முன்பே தெரியும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் முட்டை எண்ணிக்கை பார்த்துக் கிடாய் வாங்குகிறார்கள். பல செம்மறி இனங்களில் இந்தப் பண்பின் மரபுவழிப் பங்கு 0.2 முதல் 0.4 வரை, அதாவது ஆட்டுக்கு ஆடு தெரியும் வித்தியாசத்தில் ஐந்தில் ஒன்றோ இரண்டோ பங்கு பரம்பரையாக வருவது. மாடு கறக்கும் பாலின் அளவுக்கும் ஏறத்தாழ இதே பங்குதான், பாலுக்குத் தேர்வு செய்ய யாரும் தயங்குவதில்லை. நம் மேச்சேரி இனச் செம்மறியிலும் கிடாய்க்குக் கிடாய் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. ஒரு தலைமுறையில் மாயம் நடக்காது. மருந்தே வேண்டாம் என்ற நிலையும் வராது. ஊற்ற வேண்டிய ஆடுகள் குறையும்.

கிடாய்களின் வரிசைப் பட்டியலைத் தமிழில் அச்சடித்து, தை பிறந்ததும் ஒவ்வொரு பட்டிக்கும் நானே கொண்டுவருகிறேன். மேலே இருக்கும் கிடாய்களைப் பட்டிகளுக்குள் மாற்றிக்கொள்வது பற்றி அதற்குள் பேசிவையுங்கள். எவ்வளவு நல்ல கிடாயானாலும் இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே பட்டியில் விடவேண்டாம், தன் மகள்களோடேயே சேர்ந்துவிடும். பட்டியலில் கீழே இருக்கும் கிடாய்க்காரர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். எடையில் அவற்றில் சில முன்னால் நிற்கின்றன, அதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
புழுக்கை பொறுக்க வந்த தம்பி