சுங்கை பூலோவில் சேறு சேறாகவே இருக்கட்டும்

தேசியப் பூங்காக் கழகத்தாருக்கும், மரம் நடக் கிளம்பும் தொண்டூழியர்களுக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் 2020இல் தொடங்கிய ஒரு மில்லியன் மரங்கள் இயக்கத்தில் நானும் கன்று நட்டிருக்கிறேன். அந்த வேலை எனக்குப் பிடிக்கும். ஆனால் தீவின் வடமேற்குக் கரையோரத்தில் உள்ள சுங்கை பூலோ ஈரநிலத்தின் குளங்களைக் காட்டி, "இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, இங்கேயும் நடலாமே" என்று ஒரு நண்பர் சொன்னதும் பதறிவிட்டேன். அதனால்தான் இந்த மடல்.

அந்த இடம் சும்மா கிடக்கவில்லை. ஒரு காலத்தில் அவை இறால் குளங்கள். கடல் ஏறும்போது மதகைத் திறப்பார்கள், நீரோடு இறாலும் மீனும் உள்ளே வரும். கடல் இறங்கும்போது மதகில் வலை கட்டி நீரை வடிப்பார்கள். வடிந்த சேற்றில் புழுவும் நண்டும் மிஞ்சும். அதைத் தேடித்தான் வலசைப் பறவைகள் வந்தன. 1986இல் மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையினர் அங்கே கண்டது அந்தக் கூட்டத்தைத்தான். வேளாண் தொழில்நுட்பப் பூங்காவுக்கென வைத்திருந்த நிலம் அது. அவர்கள் விடாமல் கேட்டதால் 1988இல் 87 ஹெக்டேரை விட்டுவைக்க அரசாங்கம் இசைந்தது. 1993இல் பூங்கா திறந்தது, 2002இல் 130 ஹெக்டேர் சட்டப்படி காப்பகமானது.

இன்றும் மதகுகளைக் கொண்டுதான் உங்கள் ஊழியர்கள் நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். பக்கத்திலுள்ள மண்டாய் சேற்றுவெளி கடலேற்றத்தில் மூழ்கும்போது, அங்கே மேய்ந்த பவளக்கால் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் இந்தக் குளங்களுக்கு வந்துதான் காலூன்றி நிற்கின்றன. சுற்றிலும் வெட்டவெளியாக இருந்தால்தான் அவை இறங்கும். மரம் அடர்ந்துவிட்டால் பருந்து வருவது தெரியாதே! இங்கிருந்து கிளம்பும் உள்ளான்களில் சில இமயமலையைத் தாண்டித் திபெத் மேட்டுநிலம் வரை பறப்பதைச் செயற்கைக்கோள் கருவி பொருத்தியே கண்டறிந்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டிய பறவைக்கு இங்கே கிடைக்கும் இரையும் ஓய்வும் சின்ன விஷயமில்லை.

அப்புறம், நாம் நடாவிட்டாலும் மரம் வரும். கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரத்தின் காய்கள் நீரோடு மிதந்து வந்து சேற்றில் வேர்பிடிக்கும். சில ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் குளம் காடாகிவிடும். அலையாத்திக் காடும் வேண்டும்தான். முதலையும் நீர்நாயும் பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். ஆனால் அதற்குக் கரையோரம் இருக்கிறது. குளங்களில் வேண்டியது வெறும் சேறு.

எனவே இரண்டு கோரிக்கைகள். எந்தக் குளம் திறந்த சேறாகவே இருக்கும், எதைக் காடாக விடப்போகிறீர்கள் என்பதைப் பறவை பார்க்கும் மறைவிடங்களில் எழுதி வையுங்கள். மதகை இயக்கும் ஊழியர்களின் அனுபவத்தை, அவர்கள் ஓய்வுபெறும் முன்பே அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.

செப்டம்பரில் பறவைகள் வரத் தொடங்கிவிடும். அதற்குமுன் குளங்களில் முளைத்த நாற்றுகளைப் பிடுங்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், கன்று நட்ட கையோடு வந்து பிடுங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
கிராஞ்சிப் பக்கம் அடிக்கடி வரும் ஒரு தொண்டூழியன்