ஃபோர்க் ஹேண்டிலும் நாலு மெழுகுவர்த்தியும்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. பாப்பா கிளாஸ்கோ போய்ச் சேர்ந்து, அறையும் கிடைத்து, வகுப்புக்கும் போக ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. தங்கச்சிதான் பாவம், வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று புலம்பிக்கொண்டிருப்பாள். இங்கே பெரியவன் வேலை மாறிவிட்டான். சம்பளம் கொஞ்சம் கூட, தூக்கம் கொஞ்சம் குறைவு. என் முட்டிவலி அப்படியேதான். அதை எழுத ஆரம்பித்தால் வேறு எதையும் எழுத முடியாது, விட்டுவிடுகிறேன்.

எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு, வீட்டுக்காரம்மா பேசும் இங்கிலீஷ் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தாய். அதே கடிதத்தின் கடைசியில், நான் அனுப்பிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "அடுத்தவன் பேச்சைக் கிண்டல் பண்ணிச் சிரிக்க இவ்வளவு கூட்டமா" என்று அலுத்துக்கொண்டிருக்கிறாய். முதல் விஷயத்தை வைத்தே இரண்டாவதற்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் அனுப்பியதில் அந்த லிஃப்ட் காட்சியை நீ முழுதாகப் பார்த்தாயா? பிபிசி ஸ்காட்லாந்தில் 2010-ல் வந்தது. இயன் கானல், ராபர்ட் ஃப்ளாரன்ஸ் என்ற இருவர், இரண்டு பேருமே கிளாஸ்கோ பக்கத்துப் பேச்சுக்காரர்கள். ஒரு லிஃப்டில் ஏறுகிறார்கள். உள்ளே பட்டனே கிடையாது. எத்தனாவது மாடி என்று வாயால் சொன்னால் போதும், லிஃப்ட் புரிந்துகொள்ளும் என்கிறது ஓர் அமெரிக்கப் பெண்குரல். இவர்கள் போக வேண்டியது பதினோராவது மாடி. "இலெவன்" என்கிறார்கள். மறுபடி சொல்லுங்கள் என்கிறது. நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார்கள். மறுபடி. இங்கிலாந்துக்காரன் மாதிரி சொல்லிப் பார்க்கிறார்கள், அமெரிக்கன் மாதிரி சொல்லிப் பார்க்கிறார்கள். அந்த அமெரிக்க உச்சரிப்பைக் கேட்டு மற்றவன், "அமெரிக்காவில் எந்தப் பக்கம் அது, டப்ளினா?" என்கிற பாணியில் வாருகிறான் (டப்ளின் இருப்பது அயர்லாந்தில்). கடைசியில் கதவு திறக்கும்போது இரண்டு பேரும் சுதந்திரப் போராட்டத்துக்குக் கிளம்பியவர்கள் மாதிரி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். வெளியே நிற்கும் ஆள் சாவகாசமாக, மேலேதானே போகிறீர்கள் என்று கேட்கிறான்.

இதில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? அந்த இரண்டு பேர் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. அவர்கள் ஊரில் அந்த எண்ணின் பெயர் அப்படித்தான். முட்டாள், லிஃப்ட். அதற்குப் பயிற்சி கொடுத்தவர்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு இங்கிலீஷ்தான் தெரிந்திருக்கிறது. இந்தக் காட்சி வந்த மறு வருஷம், 2011 அக்டோபரில், ஐபோன் 4எஸ்-ஸில், நாம் வாயால் சொல்வதைக் கேட்டு வேலை செய்யும் 'சிரி' (Siri) வந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆசையாகப் பேசிப் பார்த்து, தாங்கள் அந்த லிஃப்டுக்குள்தான் நிற்கிறோம் என்று கண்டுகொண்டார்கள். பத்திரிகைகளில்கூட அது செய்தியாக வந்தது. வேடிக்கை முந்திக்கொண்டது, தொழில்நுட்பம் பின்னால் வந்து அதை மெய்யாக்கியது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: உச்சரிப்பை வைத்து வரும் நகைச்சுவையில் நீடித்து நிற்பவையெல்லாம் பேசுகிறவனைக் கேலி செய்பவை அல்ல. கேட்கிறவனின் காதைக் கேலி செய்பவை.

இந்த வகையில் தாத்தா என்றால் 1976-ல் பிபிசியில் 'டூ ரான்னீஸ்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியில் வந்த காட்சிதான். ஒரு ஹார்டுவேர் கடை. வந்த ஆள் மண்வெட்டி மாதிரியான ஒரு முள்கருவிக்குப் பிடி கேட்கிறான், "ஃபோர்க் ஹேண்டில்ஸ்". கடைக்காரர் நாலு மெழுகுவர்த்தியை எடுத்து மேஜையில் வைக்கிறார்; அவர் காதில் விழுந்தது "ஃபோர் கேண்டில்ஸ்". லண்டன் பாமர மக்கள் பேச்சில் சொல்லின் முதலில் வரும் 'ஹ' உதிர்ந்துவிடும். 'ஹேண்டில்' அங்கே 'ஏண்டில்'. பள்ளியில் புணர்ச்சி விதி படித்தோமே, மெய்யின் மேல் உயிர் ஏறினால் என்ன ஆகும்? ஃபோர்க் என்பதன் 'க்' மேல் 'ஏ' ஏறி உட்கார்ந்தால் 'கே'. ஃபோர்க் ஏண்டில்ஸ், ஃபோர் கேண்டில்ஸ் ஆகிவிடுகிறது. இதை இங்கிலீஷ் வாத்தியாரைவிட நம் தமிழய்யா சட்டென்று பிடித்திருப்பார்.

அப்புறம் "ஓஸ்" கேட்கிறான். ஹோ என்ற களைக்கொத்தா, ஹோஸ் என்ற ரப்பர் குழாயா, வீட்டு வாசலில் பெயர் பதிக்க வேண்டிய 'ஓ' என்ற எழுத்தா? கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வந்து போட்டு, ஒவ்வொரு முறையும் தப்பாகி, ஏணியில் ஏறி இறங்கி, முகம் சிவந்துகொண்டே போகிறார். வாங்க வந்தவன் கடைசிவரை குரலை உயர்த்துவதே இல்லை. அந்த நிதானம்தான் கொல்கிறது. வாங்க வந்தவராக நடித்த ரானி பார்க்கரே ஜெரால்டு வைலி என்ற புனைபெயரில் எழுதியது. அவர் கைப்பட எழுதிய பிரதி 2007-ல் 48,500 பவுண்டுக்கு ஏலம் போனது. நீயும் நானும் எழுதிய கடிதங்களைப் பத்திரமாக வை, மாப்ளே.

இதில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், கடைக்காரராக நடித்த ரானி கார்பெட் எடின்பரோவில் பிறந்தவர். ஸ்காட்லாந்தில் 'ஹ' உதிர்வதில்லை. அயர்லாந்திலும் இல்லை. அந்தக் கடையை அங்கே வைத்திருந்தால், வந்தவன் பிடியை வாங்கிக்கொண்டு ஒரு நிமிஷத்தில் போயிருப்பான். காட்சியே கிடையாது. பாப்பாவின் வீட்டுக்காரம்மா இந்த ஒரு விஷயத்தில் பாடப்புத்தகத்துக்கு லண்டன்காரனைவிடப் பக்கத்தில் இருக்கிறாள் என்று அவளிடம் சொல், கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

'ர' கதையும் அப்படித்தான். நாம் பள்ளியில் 'கார்', 'ஃபார்ம்' என்று ரகரத்தை அழுத்திச் சொன்னால், பிபிசி கேட்டு வளர்ந்த வாத்தியார்கள் அதை மழுங்கடிக்கச் சொல்வார்கள். தென் இங்கிலாந்தில் அந்த 'ர' தேய ஆரம்பித்தது பதினெட்டாம் நூற்றாண்டில்தான். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, அமெரிக்காவின் பெரும்பகுதி எல்லாம் அதை விடவில்லை. அதற்குத் தண்டனையும் அவர்களுக்குத்தான். "பர்ப்பிள் பர்க்லர் அலார்ம்" என்று ஒரு சோதனை இணையத்தில் சுற்றியது, நினைவிருக்கிறதா? ஸ்காட்லாந்துக்காரர்கள் கேமரா முன்னால் உட்கார்ந்து அந்த மூன்று சொல்லைச் சொல்ல முயன்று, நாக்கு முடிச்சு விழுந்து, தாங்களே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். லண்டன்காரனுக்கு அதில் லகரம் மட்டும்தான் வேலை, ரகரத்தையெல்லாம் முழுங்கிவிடுகிறான். கிளாஸ்கோகாரருக்கு ரகரத்தையும் உருட்ட வேண்டும், உடனே லகரத்துக்கும் நாக்கைத் திருப்ப வேண்டும். அமெரிக்காவில் பால்டிமோர்காரர்களுக்கு இதே மாதிரி ஒன்று உண்டு: "ஏரன் எர்ன்ட் ஆன் அயர்ன் அர்ன்". ஏரன் என்பவன் ஓர் இரும்புக் கலசத்தைச் சம்பாதித்தான் என்று பொருள். பால்டிமோர் வாயில் ஏரன், எர்ன்ட், அயர்ன், அர்ன் நாலும் ஏறக்குறைய ஒரே "அர்ன்". படித்துக் காட்டியவனே தன் குரலைக் கேட்டு, நாம் இப்படியா பேசுகிறோம் என்று அதிர்ந்து போவான்.

இதைத்தான் கிண்டல் என்கிறாயா? தன் நாக்கைத் தானே முதல்முறையாகக் கேட்கும் மனிதன் அவன். உலகத்தில் எல்லோரும் தங்களுக்கு மட்டும் உச்சரிப்பே கிடையாது, மற்றவர்களுக்குத்தான் இருக்கிறது என்று நம்புகிறார்கள். இந்த வீடியோக்களைப் பார்க்கும் ரசிகர்கள் அடுத்து செய்யும் வேலை என்ன? பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, "நீ இதைச் சொல்லு பார்ப்போம்" என்கிறார்கள். புருஷன் ஒரு மாதிரி, பெண்டாட்டி ஒரு மாதிரி சொல்வது கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து அப்போதுதான் தெரிகிறது. அமெரிக்காவின் தென்பகுதியில் 'பின்', 'பென்' இரண்டும் ஒரே ஒலி என்பதால், எழுதும் பேனாவை "இங்க் பென்" என்று சொல்லிப் பிரித்துக்கொள்கிறார்கள். அங்கே பிறந்தவருக்கு அது ஒரு தந்திரம் என்றே தெரியாது. பேனாவின் முழுப்பெயர் அதுதான் என்று இருப்பார்.

நியூசிலாந்துக் கதை இன்னும் சுவாரசியம். அங்கே 'பென்' என்பது 'பின்' மாதிரி ஒலிக்கும். அப்படியானால் 'பின்'? அது நகர்ந்து 'பன்'னுக்குப் பக்கத்தில் போய்விடும். மியூசிக்கல் சேர் விளையாட்டு மாதிரி, ஒரு உயிரொலி எழுந்தால் அடுத்தது இடம் மாற வேண்டியதுதான். 'ஃபிஷ்' அங்கே 'ஃபஷ்'. ஆஸ்திரேலியாக்காரர் இதைச் சொல்லிச் சிரிப்பார். அவர் சொல்வது 'ஃபீஷ்' என்று நியூசிலாந்துக்காரர் பதிலுக்குச் சிரிப்பார். நியூயார்க்கில் பிழைக்க வந்த இரண்டு நியூசிலாந்துப் பாட்டுக்காரர்களைப் பற்றி 2007-ல் எச்பிஓ-வில் வந்த தொடரில், ஒருவன் பெயர் ப்ரெட். அவன் தன் பெயரை எத்தனை தடவை சொன்னாலும் அமெரிக்கர்களுக்கு "ப்ரிட்" என்றுதான் விழும். சொந்தப் பெயரையே நிரூபிக்க வேண்டிய நிலைமை!

இதற்கு நேர் எதிர்த் திசையில் நகர்கிறது கலிபோர்னியா. அங்கே 'பென்' என்பது 'பேன்' பக்கமாகச் சாயும். 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியில் 2012-ல் ஆரம்பித்து அதை ஒரு நாடகமாகவே போட்டார்கள்: பொன்னிற விக் வைத்த பணக்காரர்கள், கள்ளக்காதல் வெளிப்படும் நேரத்தில்கூட எந்த ஹைவேயில் ஏறி எங்கே இறங்கினாய் என்று பேசிக்கொள்வார்கள், கடைசியில் கண்ணாடி பார்த்துக்கொள்வார்கள். முதலில் பார்த்தபோது சிரித்தேன். அப்புறம் வந்ததெல்லாம் அதே சரக்கு. உயிரொலியை இழுத்துக்கொண்டே போனால் நகைச்சுவை ஆகிவிடாது. இந்த ஒன்றில் உன் பக்கம் நிற்கிறேன்.

பெயர் விஷயத்தில் உச்சம் என்று நான் நினைப்பது அமெரிக்க நகைச்சுவை நடிகர் கீகன் மைக்கேல் கீயின் வகுப்பறைக் காட்சி, அதுவும் 2012-தான். நகரத்தின் ஏழைப் பகுதிப் பள்ளிகளில் இருபது வருஷம் பாடம் நடத்திய கறுப்பின ஆசிரியர், வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறைந்த வகுப்புக்குத் தற்காலிகமாக வருகிறார். வருகைப் பதிவேட்டை எடுக்கிறார். ப்ளேக் என்ற பையன் "பலாக்கே" ஆகிறான், டெனிஸ் "டி-நைஸ்" ஆகிறாள், ஏரன் "ஏ-ஏ-ரான்". பிள்ளைகள் திருத்தினால், தன்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று சீறுகிறார். கடைசியில் டிமதியை "டி-மோ-தீ" என்று கூப்பிட, வகுப்பிலிருக்கும் ஒரு கறுப்பினப் பையன் அதே மெட்டில் பதில் சொல்கிறான். அமெரிக்கப் பள்ளிகளில் இவ்வளவு காலம் யாருடைய பெயர்கள் சிதைந்தன என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இறங்கும். 1998-ல் பிரிட்டிஷ் இந்தியர்கள் பிபிசியில் இதைக் கொஞ்சம் முந்தியே செய்துவிட்டார்கள்: பம்பாயில் இங்கிலீஷ் சாப்பாட்டுக் கடைக்குப் போகும் கும்பல், ஜேம்ஸ் என்ற பாவப்பட்ட சர்வரின் பெயரைக் கண்டபடி கடித்துத் துப்பும்.

உன் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமலில்லை. இங்கிலாந்தில் நெடுங்காலம் வட்டாரப் பேச்சு என்றால் வேலைக்காரனுக்கும் கோமாளிக்கும்தான். செய்தி வாசிப்பவருக்கு ஒரே பேச்சு. 1941-ல், உலகப் போர் நடுவே, யார்க்‌ஷயர்காரரான வில்ஃப்ரட் பிக்கிள்ஸ் பிபிசியில் செய்தி வாசிக்க வந்தார். அவர் பேச்சை நாஜிகளால் நடித்துக் காட்ட முடியாது என்பது அதற்கு ஒரு காரணம். கடைசியில் அவர் 'குட் நைட்' என்பதை வடக்கத்தி மக்களுக்காக "குட் நீட்" என்று முடிப்பார். கேட்டவர்களில் பலருக்குப் பொறுக்கவில்லை, புகார் வந்தது. செய்தி ஒன்றுதான், நாக்குதான் வேறு. அதற்கே அந்த மரியாதைக் குறைச்சல். அந்த ஊரில் பிறந்தவர்களே தங்கள் பேச்சைத் திரைக்குக் கொண்டுவந்து, லிஃப்டையும் கடைக்காரரையும் திணற வைத்தால் எனக்கு அது இனிக்கத்தான் செய்கிறது. லண்டன் நடிகர் ஒருவர் கிராமத்தான் வேஷம் கட்டி இழுத்து இழுத்துப் பேசினால், நானும் உன்னைப் போலவே அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவேன்.

சரி, பாப்பாவுக்கு ஒரு வேலை கொடு. வீட்டுக்காரம்மா 'ஃபிலிம்' என்ற சொல்லை எப்படிச் சொல்கிறாள் என்று கவனிக்கச் சொல். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் 'ல்'லுக்கும் 'ம்'முக்கும் நடுவே ஓர் உயிரைச் செருகி "ஃபில்லம்" என்பார்கள். நாம் 'பிலிம்' என்று சொன்னதற்குக் கல்லூரியில் யார் யாரிடமெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டோம் என்று நினைத்துப் பார். அப்படியே முடிந்தால் 'பர்க்லர் அலார்ம்' சோதனையையும் நடத்தட்டும், அந்தம்மா நல்ல மூடில் இருக்கும் நாளாகப் பார்த்து. குரலைப் பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்.

நீ அந்த ஹார்டுவேர் கடைக் காட்சியை சப்டைட்டில் போடாமல் முதலில் பார். எந்த இடத்தில் உன் காது மாட்டியது என்று எழுது. எனக்குக் களைக்கொத்தில் மாட்டியது. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்ச் நண்பன்