சுருதிக்குச் செயலி சரி, மதிப்பெண்ணுக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி இசை வகுப்புகளில் கைப்பேசிச் செயலிகள் பரவலாகிவிட்டன. தம்புராவோ சுருதிப் பெட்டியோ இல்லாத பள்ளிக்கு இது பெரிய உதவி. செயலி சுருதி கொடுக்கட்டும், தாளம் முந்தி ஓடுகிறதா என்று பார்க்க உதவட்டும். பிள்ளை பாடிய சுரம் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை மட்டும் அதனிடம் விடக் கூடாது.

பாடியவுடன் முள் ஆடி, பச்சை, சிவப்பு காட்டும் ட்யூனர் செயலிகளை வைத்து மதிப்பெண் போடும் வழக்கம் வந்திருக்கிறது. இந்தச் செயலிகள் பெரும்பாலும் கீபோர்டின் சுரப் பகுப்பில் இயங்குபவை. ஒரு ஸ்தாயியை, அதாவது ‘ச’ முதல் மேல் ‘ச’ வரையுள்ள தூரத்தை, 1200 சென்ட் என்று கொண்டு, அதை 12 சம பங்காக வெட்டியது அந்தப் பகுப்பு. அதன் கணக்கில் அந்தர காந்தாரம் (‘க’ சுரத்தின் ஒரு வகை) சட்ஜத்திலிருந்து (‘ச’) 400 சென்ட். தம்புராவோடு இழைந்து நிற்கும் அந்தர காந்தாரமோ 5:4 விகிதம், அதாவது 386 சென்ட். காதால் கேட்டுச் சரியாகச் சேர்த்த பிள்ளைக்கு முள் ‘14 சென்ட் குறைவு’ என்று காட்டும். பிள்ளை அதைப் பார்த்து மேலே ஏற்றிப் பாடினால் சுருதியிலிருந்து விலகிவிடும். தொடக்கப் பாடமான சரளி வரிசையைப் பாடும் மாயாமாளவகௌளை ராகத்திலேயே இந்தச் சிக்கல் நான்கு இடத்தில் வருகிறது: சுத்த ரிஷபம் (ரி) 100-க்குப் பதில் 112, சுத்த தைவதம் (த) 800-க்குப் பதில் 814 என்பதால் இரண்டும் ‘அதிகம்’, அந்தர காந்தாரம் 400-க்குப் பதில் 386, காகலி நிஷாதம் (நி) 1100-க்குப் பதில் 1088 என்பதால் இரண்டும் ‘குறைவு’. சுத்த மத்தியமத்திலும் (ம) பஞ்சமத்திலும் (ப) மட்டும் வித்தியாசம் 2 சென்ட்தான். ஆகவே ட்யூனரைத் திறந்தே ஆகவேண்டும் என்றால் ச, ப இரண்டையும் நீட்டிப் பாடவைத்துப் பார்க்கலாம், அதோடு மூடிவிடலாம். கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது, வந்துவிட்டால் முள் ஓரிடத்தில் நிற்கவே நிற்காது. அது பிள்ளையின் பிழை அல்ல.

சுருதிச் செயலியில், சுருதியின் உயரத்தைச் சொல்லும் கட்டைக்குப் பதில் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகள்தான் இருக்கும். சி என்பது ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு. ஷார்ப் என்று இருந்தால் அரைக் கட்டை கூடும். தொடக்க வகுப்புகளுக்கு ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டை பெரும்பாலும் பொருந்தும். சிக்கல் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில்தான். குரல் உடைந்த பையன்களுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை வேண்டும். பெண் பிள்ளைகள் ஐந்திலேயே இருப்பார்கள். எல்லோரையும் நடுவில் மூன்று கட்டையில் பாடவைத்தால் இரண்டு தரப்புக்கும் தொண்டை வலிக்கும். இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழு பாடும்போது மற்றக் குழு தாளம் போடட்டும். கட்டையை மாற்ற ஒரு தட்டுதான். குரல் உடைந்துகொண்டிருக்கும் பையனைத் தார சட்ஜத்துக்கு (மேல் ‘ச’) விரட்டாதீர்கள். பஞ்சமம் இல்லாத ஹிந்தோளம், ஸ்ரீரஞ்சனி போன்ற ராகங்களுக்குச் செயலித் தம்புராவின் ‘ப’ தந்தியை ‘ம’ என்று மாற்றவேண்டும். இதை மறப்பவர்கள் நிறைய. பள்ளியில் ஆர்மோனியம் இருந்தால், அதன் ஒலிக்குத்தான் செயலியை நுணுக்கமாகக் கூட்டிக் குறைத்துச் சேர்க்கவேண்டும். ஆர்மோனியத்தின் சுருதியை நாம் வகுப்பில் மாற்ற முடியாது.

கைப்பேசியை மேசைமேல் வைத்தால் நாற்பது பிள்ளைகளுக்கு எட்டாது. ஒரு கட்டைச் சட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ், மந்திரச் சட்ஜம் (கீழ் ‘ச’) அதில் பாதி. கைப்பேசியின் சிறு ஸ்பீக்கரில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெலிந்துவிடும். தம்புராவின் அடித்தளம் போய், மேலே ரீங்காரம் மட்டும் மின்விசிறிச் சத்தத்தோடு கலந்து கேட்கும். ஆக்ஸ் ஒயர் போட்டு ஒரு சாதாரண ஸ்பீக்கரில் இணைத்தால் போதும். புளூடூத் ஸ்பீக்கர் சுருதிக்குப் பரவாயில்லை, தாளத்துக்கு ஆகாது. அதில் ஒலி கால் விநாடி வரைகூடத் தாமதமாக வரலாம். 60 வேகத்தில் (நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை) சரளி வரிசை மூன்றாம் காலம் (ஓர் எண்ணிக்கைக்கு நான்கு சுரம்) பாடும்போது ஒரு சுரத்தின் நீளமே கால் விநாடிதான். திரையைப் பார்த்துக் கைபோடும் ஆசிரியரும் ஸ்பீக்கரைக் கேட்டுப் பாடும் பிள்ளைகளும் அப்போது ஒரு சுரம் தள்ளி நிற்பார்கள்.

தாளச் செயலி பிள்ளைகளின் கைக்கு மாற்று ஆகிவிடக் கூடாது. தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தைக் கையிலேயே போடட்டும். செயலியை 60-இல் வைத்து இரண்டு ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று) கேட்கவிட்டு, ஒலியை மட்டும் அடைத்து நான்கு ஆவர்த்தனம் பாடவையுங்கள். அது 32 விநாடி. பிறகு ஒலியைத் திறந்தால் வகுப்பு எவ்வளவு ஓடிவிட்டது என்பது பிள்ளைகளுக்கே தெரியும். பெரும்பாலும் மூன்றாம் காலத்தில்தான் ஓடுவார்கள். உடனே 50-க்கு இறக்குங்கள்.

வகுப்புக்கு முன் விமானப் பயன்முறையைப் போடுங்கள். அழைப்பும் விளம்பரமும் வராது. மின்கலச் சேமிப்பை அணைக்காவிட்டால் திரை அணையும்போது சுருதியும் நின்றுபோகலாம். தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்கும் சுருதிச் செயலியை நீக்கிவிடுங்கள், அதற்கு அவை தேவையே இல்லை. மாணவர் கையில் கைப்பேசி வேண்டியதில்லை, வகுப்புக்கு ஆசிரியரிடம் ஒன்று போதும்.

காலை வழிபாட்டைப் பற்றியும் ஒன்று. தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த 2021 டிசம்பர் அரசாணை, மோகன ராகத்தில், திஸ்ர (மூன்றன்) நடையில், 55 விநாடிகளில் பாடவேண்டும் என்கிறது. பொது நிகழ்ச்சிகளில் இசைத்தட்டைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாடவேண்டும் என்றும் சொல்கிறது. பள்ளி மைதானத்தில் பதிவை ஒலிக்கவிட்டுப் பிள்ளைகளை வெறுமனே நிற்கவைக்கும் பள்ளிகள் இதைக் கவனிக்கவேண்டும். ஒலிபெருக்கியில் ஐந்து கட்டைச் சுருதியை அரை நிமிடம் முன்னதாகவே ஒலிக்கவிட்டு, ஒரு பிள்ளை ‘ச’ பிடித்துக் காட்டினால் மற்றவர்கள் தானாகச் சேர்ந்துகொள்வார்கள். நேரம் பார்க்க அதே கைப்பேசியில் நிறுத்தற்கடிகாரம் இருக்கிறது.

இப்படிக்கு,
பள்ளி இசை ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.