பரங்கிமலைச் சிலுவை போர்த்துக்கீசியர் செதுக்கியதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சென்னை பரங்கிமலை மாதா கோயிலைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டிசம்பர் 18 திருவிழாவுக்கு முன்னால் அதை வெளியிட்டதற்கு நன்றி. ஒரு வரியை மட்டும் அப்படியே விட்டுவிட முடியவில்லை. பீடத்தின் மேல் பதித்திருக்கும் கற்சிலுவையைப் ‘போர்த்துக்கீசியர் செதுக்கியது’ என்று போட்டிருந்தீர்கள். அவர்கள் அதைச் செதுக்கவில்லை, மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

நான் சேலம் அம்மாபேட்டையில் கல்லில் எழுத்து வெட்டுகிறவன். திறப்பு விழாக் கல்வெட்டு, கோயில் திருப்பணிக் கல், கல்லறைக் கல் என்று எது வந்தாலும் செய்வேன். ஏற்காட்டில் பனியிலும் மழையிலும் பாசி ஏறிப்போன பழைய கல்லறை எழுத்துகளைச் சுத்தம் செய்து தரவும் கூப்பிடுவார்கள். அதனால் எந்தக் கோயிலுக்குப் போனாலும் முதலில் கல்லைத்தான் பார்ப்பேன். பரங்கிமலையில் ஜெபம் முடிந்த பிறகும் நான் பீடத்தைவிட்டு நகராமல் நின்றதற்குக் காரணம் அதுதான்.

மலை மேல் போர்த்துக்கீசியர் சிற்றாலயம் கட்டியது 1523-இல். அப்புறம் 1547-இல், மயிலாப்பூர் பங்குக் குருவாக இருந்த காஸ்பர் கொயெல்யோவின் காலத்தில், கோயில் வேலைக்காக அடித்தளம் தோண்டியபோது இந்தக் கல் கிடைத்தது. அதில் ரத்தக் கறை போன்ற புள்ளிகள் இருந்ததாக அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். இயேசுவின் சீடரான தோமையார் இந்த மலையில்தான் கொல்லப்பட்டார் என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்வது. அதனால் பார்த்தவர்கள் எல்லாம் மண்டியிட்டார்கள். 1558 டிசம்பர் 18 அன்று பூசை நடக்கும்போது அந்தக் கல் வியர்த்தது. 1704 வரை அவ்வப்போது அப்படி நடந்ததாகக் குறிப்புகள் சொல்கின்றன. அந்தத் தேதியில்தான் இன்றும் திருவிழா.

சரி, போர்த்துக்கீசியர் வருவதற்கு முன்பே அந்தக் கல் இருந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கலாம். கல்லிலேயே இருக்கிறது. நடுவில் சிலுவை புடைப்பாக நிற்கிறது. அதன் முனைகள் மொட்டுப் போல விரிகின்றன. மேலிருந்து ஒரு புறா தலைகீழாக இறங்குகிறது, கீழே படிகள், இரு பக்கமும் இலை மடல்கள். சிலுவைக்கு இரண்டு புறமும் தூண்கள். தூண் தலையில் மகரம் என்கிற முதலை மாதிரியான கற்பனை விலங்கு வாயைத் திறந்திருக்கிறது, அதன் வாயிலிருந்து வளைவு கிளம்புகிறது. நம் கோயில்களில் சாமி சிலை வைத்த சுவர் மாடத்துக்கு மேலே பார்க்கிறோமே மகர தோரணம், அதே வேலைதான். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலை அண்ணாந்து பார்த்து வளர்ந்த எனக்கு அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. லிஸ்பனிலிருந்து வந்தவர் கைக்கு அந்த வளைவு வராது.

அந்த வளைவின் ஓரமாகத்தான் எழுத்துகள் ஓடுகின்றன. அவை லத்தீனும் இல்லை, போர்த்துக்கீசும் இல்லை. பாரசீகத்தில் வழங்கிய பழைய பகலவி எழுத்து, வலமிருந்து இடமாகப் போவது. 1873-இல் பர்னெல் என்ற அறிஞர் இதை ஆராய்ந்து, கி.பி. 7 அல்லது 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணித்தார். கேரளத்தில் கோட்டயம் வலிய பள்ளி, கடமற்றம், முட்டுச்சிறை ஆகிய ஊர்க் கோயில்களிலும் இதே மாதிரிச் சிலுவைகளும் இதே வாசகமும் உண்டு. கொல்லத்துக் கிறிஸ்தவர்களுக்கு 849-இல் கொடுத்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் சாட்சிகள் சிலர் பகலவியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆக, வாஸ்கோ ட காமா பிறப்பதற்குப் பல நூறு வருடம் முன்பே இந்தக் கரைகளில் பாரசீகத்துக் கிறிஸ்தவர்கள் வியாபாரம் செய்து, கோயிலும் வைத்து வாழ்ந்தார்கள். பரங்கிமலைக் கல் அவர்களுடையது.

வாசகத்தைப் படிப்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு அதில் வியப்பில்லை. பள்ளிவாசல் வேலைக்கு அரபு எழுத்து வெட்டித் தந்திருக்கிறேன். ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. அவர்கள் தாளில் எழுதித் தருவதைக் கல்லில் ஒற்றி எடுத்து, கோட்டின் மேலேயே உளியை நடத்துவேன். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் ஒரு சுழி நீண்டுபோனாலும் எனக்குத் தெரியாது, படிக்கிறவர் வந்து பார்த்தால்தான் தெரியும். அதுவும் வளைவில் வெட்டுவது நேர்வரியில் வெட்டுவதைவிடக் கடினம். நூல் பிடித்து வட்டம் போட்டு, எழுத்துக்கு இடம் பிரித்துக்கொள்ளாவிட்டால் கடைசி இரண்டு சொல் நெருக்கியடிக்கும். கேரளத்துக் கற்களில் சிலவற்றையாவது அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத கொத்தர்தான் பார்த்துப் பார்த்து வெட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

வின்க்வொர்த் என்ற அறிஞர் சுமார் நூறு வருடத்துக்கு முன்பு படித்துச் சொன்னது பலரும் எடுத்துக்காட்டுகிற ஒன்று. அதன்படி அந்த வாசகம் ஒரு சின்ன ஜெபம்: ‘என் ஆண்டவராகிய கிறிஸ்துவே, இதை வெட்டியவனும் சிரியனுமான சஹர்புக்தின் மகன் அஃப்ராஸ் மேல் இரக்கம் வையும்.’ தானே உளி பிடித்தாரா, கூலி கொடுத்து வெட்டச் சொன்னாரா என்பதை அறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். என் வாழ்நாளில் எத்தனையோ பெயர்களைக் கல்லில் வெட்டிவிட்டேன். அமைச்சர் பெயர், உபயதாரர் பெயர், இறந்தவர் பெயர். வேலை செய்தவன் பெயரை எந்தக் கல்லிலும் போடச் சொன்னதில்லை, நானும் போட்டதில்லை. ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒருவர் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சிலுவையைச் சுற்றி வைத்து இரக்கம் கேட்டிருக்கிறார். அதை உங்கள் கட்டுரை ஒரே வரியில் வேறு யார் பெயருக்கோ மாற்றிவிட்டது. அதனால்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

சிலுவையைத் தோமையாரே செதுக்கினார் என்று நம்புகிற பக்தர்கள் உண்டு. என் தாயார் அப்படித்தான் சொல்வார். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்ல வரவில்லை. அந்த மலையில் அவர் ஜெபித்தார் என்பதால்தானே பிற்காலத்தில் யாரோ அங்கே கல் நட்டார்கள்.

இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். அடிவாரத்திலிருந்து ஏறிப் போகிறோமே அந்தக் கற்படிகள், அவை 1726-இல் பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தன் காசில் போட்டுக் கொடுத்தவை. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டியதும் அவரே. அந்தப் பாலம் இப்போது இல்லை, படிகள் இருக்கின்றன. இப்போது வண்டியிலேயே மேலே போய்விடலாம். முழங்கால் ஒத்துழைக்கிறவர்கள் ஒரு தடவையாவது படியில் ஏறிப் போகச் சொல்லுங்கள்.

சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் பள்ளிப் பிள்ளைகளைச் சென்னைக்குச் சுற்றுலா கூட்டிப் போகிறார்கள். உங்கள் இணைப்பை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிற பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அதனால் அடுத்த ஞாயிறே, கட்டுரை வந்த அதே பக்கத்தில் திருத்தம் போட வேண்டுகிறேன். பின்பக்கத்து மூலையில் வேண்டாம். அஃப்ராஸ் என்ற பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
கல்லெழுத்துத் தொழிலாளி ஒருவர்,
அம்மாபேட்டை, சேலம்.